சற்குணத்தின் நாக்கு

சற்குணம் எந்த அங்காடிக் கடையிலும் வந்தவுடன் உட்காரமாட்டார். மேசை காலியாக இருக்கும். குடும்பம் உட்கார்ந்துவிடும். ஈரத்துணியால் மேசையைத் துடைத்தபடி தண்ணீர்க்காரப் பெண் "என்ன குடிக்க?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். இவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்ற மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார். அடுத்தவர் கிண்ணத்தை எட்டிப் பார்ப்பார். சாப்பிட்டு எழுந்துபோனவர்களின் கிண்ணத்தை இன்னும் உற்றுப் பார்ப்பார். அடியில் சாறு மிச்சம் கிடந்தால் உதட்டைப் பிதுக்குவார். வழித்து நக்கியதுபோல் கிண்ணம் பளபளத்தால் அந்தக் கடைக்கு முன்னால் போய் நிற்பார்.

"கடக்காரன் மூஞ்சியப் பாத்து ஆர்டர் பண்ணக் கூடாது லா. சாப்ட்டு எந்திரிச்சவன் கிண்ணத்தப் பாத்து ஆர்டர் பண்ணணும்."

குட்டையான ஆள். ஒரு காலத்தில் ஸ்டீயரிங் வளையத்தின் மேல் சாய்த்துவைத்த மாதிரி வயிறு இருந்தது. வெளியூர்ப் பயணம் என்றால் பூப்போட்ட பாத்தேக் சட்டைதான். சட்டைப் பையில் பல்குச்சிக் கட்டு, அதோடு ஒரு சின்னக் கைக்குட்டை. மிளகாய் உறைத்து நெற்றியில் வியர்வை வழிந்தால்தான் அவர் கணக்கில் அது சாப்பாடு. அந்த வியர்வையைத் துடைக்கத்தான் கைக்குட்டை.

கோலாலம்பூருக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே விரைவுப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவர். நெடுஞ்சாலை வராத, பழைய சடக்கில் போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அவருடைய பேருந்துக்கு ஒரு நோய் இருந்தது. பீடோர் வந்தால் எஞ்சின் சூடாகும். ஈப்போவில் சூடாகும். சில நாள் தைப்பிங்கிலும் சூடாகும். வேறு எங்கும் சூடாகாது. "எஞ்சின் கொதிக்குது, கொஞ்சம் ஆறணும். பசியாறாதவங்க யாராச்சும் இருந்தா எதுத்தாப்ல வாத்து மீ இருக்கு" என்று அறிவித்துவிட்டு முதல் ஆளாக இறங்குவார். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார்கள், நூடுல்ஸை உறிஞ்சிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே ஏறுவார்கள். ஒருமுறை நிறுவனத்து மேற்பார்வையாளரே பயணிகளோடு ஏறிவிட்டார். சற்குணம் முதுகை நிமிர்த்திக்கொண்டு எங்கும் நிற்காமல் ஓட்டினார். பீடோரைத் தாண்டியதும் பின்னாலிருந்து மேற்பார்வையாளர் கேட்டாராம்: "என்ன டிரைவர், இன்னைக்கு எஞ்சின் சூடாகலையா?"

இந்தக் கதையைப் பலமுறை கேட்டு அலுத்திருந்தாலும் அவர் மனைவி இந்திராணி அந்த இடம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

பள்ளி விடுமுறை வந்தால் ரவாங்கிலிருந்து குடும்பத்தோடு வடக்கே கிளம்புவது அவர் வழக்கம். மற்றவர்கள் பினாங்குக்குக் கடலில் குளிக்கப் போவார்கள், மலை ரயில் ஏறப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். சற்குணம் குடும்பம் சாப்பிடப் போனது. மகள் ஹேமாவின் சின்ன வயது நினைவுகளில் கடலே கிடையாது. வாணலியில் சடசடக்கும் சார் குவே தியாவ் நூடுல்ஸ், பக்கத்து மேசைக்காரர் தும்முவது, அப்பா தட்டோடு நடந்து வருவது, இவைதான் பினாங்கு. ஒரே மேசையில் ஐந்தாறு கடைச் சாப்பாடு வந்து இறங்கும். தனித்தட்டு என்று யாருக்கும் கிடையாது. அவருடைய கரண்டி எல்லோர் தட்டிலும் போய் வரும். முதல் வாய் அவருடையது. கண்ணை மூடி மெல்லுவார். குடும்பமே கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணைத் திறந்து "அடிச்சு வெளாசு" என்றால்தான் மற்றவர்கள் தொடுவார்கள்.

"கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்றதுக்கு முன்னாடி பந்திய எட்டிப் பாத்துட்டு வந்த ஆளு" என்பாள் இந்திராணி. "மணவறையில ஒக்காந்துக்கிட்டு என் காதுல மொத மொதல்ல சொன்ன வார்த்த என்னா தெரியுமா? 'ரசம் நல்லாருக்கு, மறக்காம வாங்கிக் குடி.'"

"பொய்யா சொன்னேன்? நல்லாத்தான இருந்துச்சு" என்பார் சற்குணம்.

மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே ஒரு கட்டி இருப்பதாக மருத்துவர்கள் சொன்னபோது அவர் ஓய்வுபெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. காது அடைப்பு என்று போனவரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். முகத்துக்கு அளவெடுத்து வலைபோல ஒரு முகமூடி செய்து, அதை மேசையோடு சேர்த்து முடுக்கி, வாரக்கணக்கில் கதிர் பாய்ச்சினார்கள். கட்டி கரைந்தது. கழுத்துத் தோல் கருகி, உரிந்து, பழைய காலணித் தோல்போல் ஆனது. எச்சில் சுரப்பது நின்றுபோனது. வயிறு வற்றி, பெல்ட்டுக்குப் புது ஓட்டைகள் போட வேண்டிவந்தது. அதோடு வாசனையும் ருசியும் போயின.

"எப்படி இருக்குப்பா?" என்று ஹேமா கேட்பாள்.

"ஈர மணல மெல்ற மாதிரி இருக்கு."

ருசி திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். காத்திருந்தார்கள். வீட்டில் தாளிக்கும் சத்தம் நின்றது. மிளகாய்ச் சம்பால் வதங்குவது நின்றது. கருவாட்டு டப்பாவை இந்திராணி பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டாள். அவருக்குக் கஞ்சி, தனக்கும் கஞ்சி. எச்சில் இல்லாததால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து அவர் விழுங்கி முடிக்கும்வரை அவள் எதிரில் உட்கார்ந்திருப்பாள். தட்டைக் கழுவி வைப்பாள். ஹேமாவும் மருமகன் ரூபனும் வந்தால் வாசலிலேயே "சாப்ட்டுத்தான் வர்றோம்மா" என்பார்கள். அவர்களின் ஏழு வயதுப் பெண் தியாஷினி மட்டும் "இல்லியே, நமக்குப் பசிக்குதே" என்பாள். அவள் கையைப் பிடித்து ஹேமா அழுத்துவாள். சற்குணம் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார்.

ஓராண்டுக்கு மேல் இப்படிப் போனது. பிறகு ஒரு காலை, கஞ்சியில் இரண்டாவது வாய் வைத்தவர் கரண்டியை நிறுத்தினார்.

"ராணி. இன்னைக்கு உப்பு கூடப் போட்டியா?"

இந்திராணிக்குக் காது கேட்காததுபோல் இருந்தது. "என்னாங்க?"

"உப்பு தெரியுது லா."

அவள் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து சாமி மாடத்தில் விளக்கேற்றினாள். காலை ஒன்பது மணிக்கு எதற்கு விளக்கு என்று அவர் கேலி செய்தார். இந்திராணி ஹேமாவுக்குப் போன் போட்டு, பேச முடியாமல் அழுததில், அப்பா போய்விட்டார் என்றே மகள் நினைத்துவிட்டாள். விசயம் தெரிந்ததும் ரூபன் விடுப்புக்கு எழுதிக்கொடுத்தான். விடுமுறை தொடங்கிய வெள்ளிக்கிழமையே பினாங்குக்குக் கிளம்பினார்கள்.

இந்த முறை காடியை ரூபன் ஓட்டினான். சற்குணம் முன்னால் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். மடியில் தண்ணீர்ப் புட்டி. பாத்தேக் சட்டை தோளில் மாட்டிய துணிபோல் தொங்கியது.

பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கச் சொன்னார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளைச் சுற்றினார். பழைய நடைதான். இந்திராணி திரும்பித் திரும்பி அதையே பார்த்தாள். வாத்து மீ வந்தது. முதல் வாய் அவர் எடுக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நீங்க ஆரம்பிங்க லா. எனக்கு ஆறணும்" என்றார். எல்லோரும் ஒரு வாய் வைத்ததும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, பிறகு தானும் ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார். தண்ணீர் குடித்து விழுங்கினார். "கறுப்புக் கிச்சாப் கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

"ஆமா மாமா, கொஞ்சம் தூக்கல்தான்" என்றான் ரூபன். மாமனார் சொன்னால் அவன் எதற்கும் ஆமாம்தான்.

"பாத்தியா ராணி, நாக்கு மறக்கல."

ஈப்போவில் கோழியும் முளைப்பயறும். "இந்த ஊருத் தண்ணிக்குத்தான் பயறு இப்படிக் குண்டா வருது" என்றார். அதைச் சொல்ல நாக்கு தேவையில்லை என்பது அப்போது இந்திராணிக்குத் தோன்றவில்லை. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மிளகாயைக் கடித்துச் சாப்பிட்டாள். வெட்கமில்லாமல் இன்னொரு தட்டு கேட்டாள். ஓராண்டுப் பசி. சற்குணம் அவளுடைய கன்னம் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தைப்பிங்கைத் தொடும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. மழைக்குப் பேர்போன ஊரில் அன்று மேகமே இல்லை. பள்ளிவாசலை ஒட்டிய சடக்கோரத்தில் குடை விரித்து, தள்ளுவண்டியில் ஒருவர் செண்டோல் விற்றுக்கொண்டிருந்தார். பழைய ஆள் இல்லை. நாற்பது வயதிருக்கும் மலாய்க்காரர், புதியவர். கூட்டமும் இல்லை. எட்டிப் பார்க்க வேறு யாருடைய கிண்ணமும் இல்லை. "வேணாம்ப்பா, போய்டுவோம்" என்றாள் ஹேமா.

"புள்ள வேர்த்து ஒழுகுது. ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போவோம்."

கிண்ணங்கள் வந்தன. சீவிய ஐஸ், பச்சைப் புழுபோல மாவு, மேலே பழுப்பாக ஓடும் வெல்லப்பாகு, சுற்றிலும் தேங்காய்ப் பால். ஹேமாவின் கைப்பேசி அடித்தது, அவள் தள்ளிப் போனாள். ரூபன் காடியை நிழலுக்கு மாற்றப் போனான். இந்திராணி தியாஷினியின் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சற்குணத்துக்குக் குளிர்ச்சி எளிதாக இறங்கும், தண்ணீர் தேவையில்லை. நின்றபடியே மடமடவென்று கிண்ணத்தைக் காலி செய்தார்.

"ஆஹா. இப்பத்தான் புழிஞ்ச பாலு. மணம் பாரு" என்றார். கடைக்காரரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

தியாஷினி ஒரு கரண்டி வாயில் வைத்தாள். அப்படியே கிண்ணத்திலேயே துப்பினாள்.

"அய்யே, புளிக்குது! நாறுது தாத்தா!"

"துப்பாத, சாப்பாட்ட அப்படிச் சொல்லக் கூடாது" என்று அதட்டிக்கொண்டே இந்திராணி அந்தக் கிண்ணத்தை வாங்கினாள். வாயருகே கொண்டுபோகும்போதே தெரிந்துவிட்டது. வெயிலில் திரிந்த தேங்காய்ப் பால். மூக்கில் அறைந்தது. அடியில் குழகுழவென்று பிரிந்து கிடந்தது.

கடைக்காரர் ஓடிவந்தார். அவரும் முகர்ந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "அய்யய்யோ, மன்னிச்சுக்குங்க அண்ணே, மன்னிச்சுக்குங்க. இந்தச் சட்டி காலையில எடுத்தது, ஐஸ் கரைஞ்சு போனதப் பாக்கல" என்று மலாயில் புலம்பியபடி கிண்ணங்களைச் சேகரித்தார். சற்குணத்தின் கையிலிருந்த வெறுங்கிண்ணத்தை வாங்கும்போது அவர் கை நின்றது.

"நீங்க முழுசாக் குடிச்சிட்டீங்களே. தெரியலயா அண்ணே?"

சற்குணம் சிரிக்கப் பார்த்தார். "கொஞ்சம் புளிச்சாத்தான் அதுக்கு ஒரு இது" என்று ஆரம்பித்தார். இந்திராணி அவரைப் பார்த்தாள். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார்.

பினாங்குப் பாலம் வந்தது. எப்போதும் பாலத்தில் ஏறும்போது "இந்தா வந்துட்டான் பாரு" என்று தீவைக் கூப்பிடுவார். அன்று கண்ணை மூடிக்கொண்டார். பாலத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். விடுதி வாசலிலேயே வாந்தி. அறைக்குள் போன பிறகும் நிற்கவில்லை. ரூபன் பக்கத்துக் கிளினிக்கிலிருந்து மருத்துவரை அழைத்துவந்தான். ஊசி போட்டார். "இவருக்கு மூக்கும் நாக்கும் காவல் இல்லை. இனிமே வெளிச் சாப்பாட்டை நீங்கதான் முதல்ல ருசி பார்த்துக் கொடுக்கணும்" என்று இந்திராணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து அறையில் ஹேமா வெடித்தாள். சுவர் மெல்லியது. "காலையில வீட்டுக்குப் போறோம். போதும். பொய் சொல்லி நம்மளயெல்லாம் இழுத்துக்கிட்டு வந்து, இப்ப என்னாச்சு பாரு. செத்துருந்தா?" ரூபனின் சமாதானக் குரல் கேட்டது. பிறகு ஹேமா அழுவது.

அந்தி மங்கிக்கொண்டிருந்தது. சன்னல் வழியே கடலில் ஒரு தோணி போனது. சற்குணம் மல்லாந்து கிடந்தார். இந்திராணி அவருடைய பாதத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தைலத்தின் வாடை அறை முழுக்க நிறைந்திருந்தது. அவருக்கு அதுவும் இல்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"மொதல்லேர்ந்தேதான்."

"அந்தக் கஞ்சி?"

"கஞ்சியும்தான்."

அவள் கை நின்றது. "வெளக்கேத்துனேனே. சாமிக்கு நேந்துக்கிட்டேனே. ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

அவர் தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். எச்சில் இல்லாத வாயால் நீளமாகப் பேச முடியாது. ஒரு மடக்குக் குடித்தார்.

"அதுக்கு முந்தின நாளு நீ பின்னால, துணி தொவைக்கிற எடத்துல நின்னுக்கிட்டு நாசி லெமாக் சாப்ட்டே. செவுத்தப் பாத்துக்கிட்டு."

இந்திராணிக்கு முகம் சூடேறியது. அந்தக் காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சந்தைக்குப் போனவள் அந்தத் தேங்காய்ப் பால் சோற்றுப் பொட்டலத்தைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். வாளிக்குப் பக்கத்தில் நின்று, மெல்லாமல் விழுங்கினாள். சம்பால் உறைத்து இருமல் வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு வாழையிலையையும் தாளையும் மடித்து, குப்பைத் தொட்டியில் வெங்காயத் தோலுக்கு அடியில் புதைத்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துச் சோப்புப் போட்டாள். மோந்து பார்க்க முடியாத மனிதருக்குப் பயந்து.

"பாத்தீங்களா?"

"வெளக்கமாறு எடுக்க வந்தேன். திருடன் மாதிரி நின்னே லா. நான் வாங்கிக் குடுத்து நீ சாப்ட்டத எத்தன வருசமாப் பாத்திருக்கேன். ஒன்ன அப்படி ஆக்கிட்டேனேன்னு இருந்துச்சு." மறுபடியும் தண்ணீர். "நாக்கு போனது எனக்கு. நீங்கள்லாம் ஏன் பட்டினி கெடக்கணும்? அந்தச் சின்னப்புள்ள பசிக்குதுன்னா கையப் புடிச்சு அழுத்துறீங்க."

"ஒங்க முன்னால ருசிச்சுச் சாப்ட எனக்கு மனசு வரல."

"அப்ப நான் செத்துட்டேன்னு அர்த்தமா?"

"அந்த வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!"

"வையி. அதுவும் தெரியாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் திரும்பி அழுகையானது. அவருடைய காலைக் கட்டிக்கொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்காதபடி அழுதாள்.

"திரும்ப வரும்னு டாக்டர் சொன்னாருல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல..." என்றாள்.

"வராது ராணி. போன தடவ உள்ள நான் மட்டும் போனேன்ல, அப்பவே சொல்லிட்டாரு. வர்றதா இருந்தா இதுக்குள்ள வந்திருக்கும்னு." அவர் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "பீடோர்ல நான் தூக்கல்னு சொன்ன பெறகு நீ ரெண்டாவது தடவ கிச்சாப் ஊத்திக்கிட்டே. பாத்தேன். அதான் தூக்கல் இல்லன்னு தெரிஞ்சுது. ரூபன் ஆமா மாமாங்கிறான்."

காலையில் ஹேமா பெட்டியைக் கட்டிக் காடியில் ஏற்றிவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சற்குணம் சவரம் செய்து, பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவர் பின்னால் உட்கார்ந்ததை ரூபன் கண்ணாடியில் பார்த்தான்.

"நேரா வீட்டுக்குத்தான" என்றான்.

"இல்ல" என்றாள் இந்திராணி. "பாலிக் புலாவுக்கு விடு. லக்சா சாப்ட்டுத்தான் போவணும்."

"ம்மா, நேத்து நடந்தது பத்தாதா?"

"எனக்கு வேணும்டி. நான் சாப்டணும். வண்டிய எடு தம்பி."

ஹேமா ஏறிக் கதவைச் சாத்தினாள். அம்மா தனக்காக ஒரு ஊருக்கு வண்டியைத் திருப்பச் சொல்லி அவள் கேட்டதில்லை.

மலையைச் சுற்றிக்கொண்டு போகும் வளைவுப் பாதை. டுரியான் தோப்புகள். சந்தைக்கு எதிரே உள்ள கடையில் சுவீ லியான் லக்சாவுக்கான புளிமீன் சாறு கொதிக்கும் பெரிய சட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய சீனப் பெண்மணி. கழுத்தில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். சற்குணத்தைப் பார்த்ததும் அகப்பையை உயர்த்தினாள். அவளுடைய மலாய் எப்போதும் சண்டைக்கு வருவதுபோல் இருக்கும்.

"ஓய் பஸ்காரண்ணே! உசுரோடதான் இருக்கீங்களா? என்னா இப்படி எளச்சுப் போய்ட்டீங்க? வீட்டுல சோறு போடறதில்லயா?" என்று இந்திராணியையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தாள். "எத்தன கிண்ணம்? அஞ்சா?"

"நாலு" என்றார் சற்குணம். "எனக்குச் சுடுதண்ணி போதும்."

"அஞ்சு பேரு இருக்கீங்க. என்னா, கோவமா என் லக்சா மேல?"

அவர் சட்டியைப் பார்த்தார். ஆவி முகத்தில் அடித்தது. "கோவம் இல்ல தங்கச்சி. எனக்கு நாக்குல ருசி போயிருச்சு. மூக்குக்குள்ள புத்து வந்துச்சு. வைத்தியம் பண்ணாங்க. இப்ப எதுவுமே தெரியாது."

வீட்டுக்கு வெளியே அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. சுவீ லியான் குனிந்து அரிசி மீயைக் கொதிநீரில் போட்டு அலசினாள். கொஞ்சநேரம் கழித்து மேசைக்கு ஐந்து கிண்ணம் வந்தது. அவருக்கு முன்னால் ஒன்றை வைத்தாள்.

"சூடாவாச்சும் இருக்கும்" என்றாள். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

யாரும் கரண்டியைத் தொடவில்லை. ஹேமா தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். தியாஷினி தாயின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

இந்திராணி தன் கிண்ணத்தை வெடுக்கென்று முன்னால் இழுத்தாள். பெரிய கரண்டியாக அள்ளினாள். சத்தம் போட்டு உறிஞ்சினாள். காரம் தலைக்கு ஏறியது. மறுபடியும் அள்ளினாள். சாறு தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. மகள், மருமகன், பேத்தி, பக்கத்து மேசைச் சீனர், எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டாள்.

சற்குணம் முழங்கைகளை மேசையில் ஊன்றி முன்னால் சாய்ந்தார்.

"புளி எப்படி?"

"தூக்கல். பல்லு கூசுது."

"அப்படித்தான் இருக்கணும். மீனு?"

"நெறைய இருக்கு. ஒதிர்ந்து கெடக்கு. முள்ளு இல்ல."

"பூவு? அந்தக் காட்டு இஞ்சிப் பூவு. போட்டுருக்காளா?"

அவள் மென்றாள். கிண்ணத்தில் தேடி, இளஞ்சிவப்பாகச் சீவிக்கிடந்த ஒன்றை எடுத்துத் தனியாகக் கடித்தாள். "இருக்கு. எப்படிச் சொல்றது... மழ பேஞ்சு விட்டதும் தோட்டத்துல ஒரு வாட வருமே. அந்த மாதிரி. மூக்குக்குள்ள குளுகுளுன்னு ஏறுது."

"ம்" என்றார். "பொதினா?"

"பொதினாவும் இருக்கு. ஆனா பூவுதான் மொதல்ல."

அவளுடைய கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. "ஒறைக்குது" என்றாள், யாரும் கேட்காமலே. ஹேமா கரண்டியை எடுத்தாள். பிறகு ரூபன். தியாஷினி அன்னாசித் துண்டுகளைப் பொறுக்கித் தின்றாள். கொஞ்சநேரம் அந்த மேசையில் உறிஞ்சும் சத்தம் மட்டும் இருந்தது.

ஒவ்வொரு கிண்ணத்தோடும் ஒரு பீங்கான் கரண்டியில் இறால் பசை தனியாக வந்திருந்தது. தார்போலக் கறுத்து, கெட்டியாக. கடைக்குள் நுழைகிறவர்களைத் தெருவிலேயே பிடித்து நிறுத்தும் வாடை அதற்கு. அதைக் கலந்தால்தான் லக்சா முழுமையாகும். சற்குணம் தன் கரண்டியை எடுத்தார். மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து, கண்ணை மூடி, நெஞ்சு விரிய ஒருமுறை இழுத்தார். அசையாமல் இருந்தார். இன்னும் கிட்டே, பசை மூக்கு நுனியில் படும் அளவுக்குக் கொண்டுவந்து மறுபடியும் இழுத்தார். மேசையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார். கரண்டியைத் தாழ்த்தி, கையை நீட்டி, இந்திராணியின் கிண்ணத்தில் அதை விட்டு, கட்டியில்லாமல் கரையும்வரை மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தார்.